சீட்டை எண்ணியவர்களும் மேசையை மாற்றியவர்களும்

பிளாக்ஜாக் விளையாட்டில் வெல்லும் வாய்ப்பைக் கணக்குப் போட்டுக் கூட்ட முடியுமா? முடியும். இது வாய்ப்பேச்சு இல்லை. 1956 இலும் 1961 இலும் ஆய்விதழ்களில் அச்சாகி, பிறகு உண்மையான மேசையில் உண்மையான காசு வைத்துப் பரிசோதித்தும் பார்த்த விஷயம். "அப்ப ஏன் எல்லாரும் பணக்காரராகேல்லை?" எண்டு நீங்கள் கேட்பீங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்தக் கட்டுரை.

வட்டக்கச்சியில் கசினோ இல்லை. இலங்கையில் கசினோ எண்டால் கொழும்புதான். இந்த நாட்டுப் பிரசை ஒருவர் உள்ளே காலடி வைக்கவே டொலர்க் கணக்கில் அறவீடு கட்டவேண்டும். ஆனால் சூதாட்ட மேசை இப்போது கொழும்போடு நிற்கவில்லை. போனில் ஒரு வீடியோ பார்க்க வெளிக்கிட்டால், அதுக்கு முதல் ஒரு பந்தய விளம்பரம் வந்து நிக்குது. "திறமை இருந்தால் வெல்லலாம்" என்பதுதான் அந்த விளம்பரங்களின் பல்லவி. எங்கட வயதுப் பெடியள் அதை நம்புவதற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை. அந்தப் பேச்சில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. அந்த உண்மை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போம்.

எங்கட விளையாட்டிலிருந்து தொடங்குவம்

கடதாசி விளையாட்டு எங்களுக்குப் புதிதில்லை. செத்தவீட்டு இரவில், திருவிழா முடிந்த பின்னேரத்தில், காவலுக்குப் போன வயல் கொட்டிலில் என்று 304 விளையாடாத ஊர் வடக்கில் அருமை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பல பேர் யோசிப்பதில்லை. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயீனுக்கு 2. கூட்டினால் 76. நாலு சாதிக்கும் சேர்த்து 304. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை.

ஜாக்கும் ஒன்பதும் மற்ற எல்லாச் சீட்டையும் அடிக்கிற இந்த வழக்கம் இங்கே பிறந்ததாகத் தெரியவில்லை. ஒல்லாந்திலும் சுவிற்சர்லாந்திலும் விளையாடும் யாஸ் வகை விளையாட்டுகளில் துரும்புச் சாதிக்கு இதே ஒழுங்கு இருக்கிறது. அதனால் ஒல்லாந்தர் வழியாகவே இது இந்தப் பக்கம் வந்திருக்கலாம் என்று சீட்டு வரலாறு படிப்பவர்கள் கருதுகிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டை 1658 இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795 வரை அவர்களிடம்தான் இருந்தது. எங்கட பெரியாக்கள் சொல்லும் இஸ்கோப்பன், கலாவரை, ஆத்தன், உருவித்தன் என்ற பெயர்களையும் கேட்டுப் பாருங்கோ. உச்சரிப்பு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் சிங்களத்தில் இஸ்கோப்ப, கலாபர, ஹாரத, ரூயித என்று சொல்வதும் இதே டச்சுச் சொற்களைத்தான்.

304 இல் கெட்டிக்காரன் எண்டு யாரைச் சொல்லுறம்? விழுந்த சீட்டை ஞாபகம் வைத்திருப்பவனை. நாலு பேர் ஆடும்போது 32 சீட்டு. முதலில் ஆளுக்கு நாலு சீட்டுப் போட்டதும் கேள்வி தொடங்கும். அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாத சீட்டு 28. உங்களுக்குத் தேவையான ஒரு ஜாக் அந்த 28 க்குள் எங்கேயோ இருக்கிறது. உங்களுக்கு இன்னும் 4 சீட்டு வரும், கூட்டாளிக்கு எல்லாமாக 8. ஆகவே அந்த ஜாக் உங்கள் பக்கம் இருக்கும் வாய்ப்பு 28 இல் 12, அதாவது ஏழில் மூன்று. எதிர்ப்பக்கம் இருக்கும் வாய்ப்பு ஏழில் நாலு. இந்தப் பின்னத்தைக் கடதாசியில் எழுதிப் பார்க்காமலே, "எதிர்லதான் கிடக்கும், கூடக் கேக்காதை" எண்டு ஐயாமார் சொல்லுவினம். அதுவும் நிகழ்தகவுக் கணக்குத்தான். பள்ளிக்கூடத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கோ. நாலு பேருக்கும் ஒரே விதி. சீட்டுப் போடுகிற வேலை மாறி மாறி வரும். ஒவ்வொரு ஆட்டத்திலும் தனக்கொரு பங்கு எடுக்கும் முதலாளி அங்கே இல்லை. பிளாக்ஜாக்கில் இந்த இடம்தான் மாறுகிறது.

தான்றிமரத்தடியில் ஒரு பாடம்

எண்ணிக்கைக்கும் சூதுக்கும் உள்ள உறவு ஐரோப்பாவில் மட்டும் தோன்றியதில்லை. புகழேந்திப் புலவரின் நளவெண்பா வழியாகத் தமிழர் அறிந்த நளன் கதையை நினைத்துப் பாருங்கள். சூதில் நாட்டை இழந்த நளன், வாகுகன் என்ற பெயரில் இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் நின்ற ஒரு தான்றிமரத்தைப் பார்த்து அரசன் காய்களின் எண்ணிக்கையைச் சொல்கிறான். மகாபாரதம் சொல்லும் கதையில் நளன் மரத்தை வெட்டி எண்ணியும் பார்க்கிறான், கணக்குச் சரி. பிறகு நளன் குதிரை வித்தையைக் கொடுத்து, எண்ணுகிற வித்தையையும் சூதின் இரகசியத்தையும் அரசனிடம் வாங்குகிறான். அந்த அறிவோடு திரும்பிப் போய்த்தான் இழந்த நாட்டை வென்றெடுக்கிறான்.

ஏன் தான்றிமரம்? பழங்காலத்தில் சூதாடப் பயன்பட்ட காய்களில் தான்றிக்காயும் ஒன்று. எங்கட நாட்டு வைத்தியர் திரிபலாச் சூரணத்தில் போடும் அதே காய்தான். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய தத்துவவியலாளர் இயன் ஹக்கிங், 1975 இல் வந்த தன் நூலில் இந்தக் கதையைக் குறிப்பிட்டு வியக்கிறார். கொஞ்சத்தை எண்ணி முழுவதையும் மதிப்பிடுகிற அறிவும் சூதாட்ட அறிவும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கசினோ எங்கே உழைக்குது?

இனிப் பிளாக்ஜாக்குக்கு வருவம். 21 என்ற எண்ணை நோக்கிப் போகும் இந்த விளையாட்டு பழையது. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸ் 1613 இல் வெளியிட்ட கதையொன்றில் இதை ஆடி ஊரை ஏமாற்றும் இரண்டு பெடியள் வருகிறார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931 இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பிறகு கசினோக்களின் முக்கிய மேசை விளையாட்டுகளில் ஒன்றாக இது வளர்ந்தது.

விதி சுலபம். உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு சீட்டு. டீலரின் ஒரு சீட்டு திறந்திருக்கும். 2 இலிருந்து 10 வரை அந்தந்த எண்தான் பெறுமதி. ஜாக், குயீன், கிங் மூன்றுக்கும் 10. ஏசுக்கு 1 அல்லது 11. 21 ஐத் தாண்டாமல் டீலரை விடக் கூட எடுக்கவேண்டும். தாண்டினால் தோல்வி. ஏசும் பத்துப் பெறுமதிச் சீட்டும் முதலிரண்டாக வந்தால் அதுதான் பிளாக்ஜாக். பழைய விதிப்படி 2 வைத்தால் 3 இலாபம். ஒரு கட்டில் இது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 21 கைக்கு ஒன்று.

டீலருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. 16 வரை அவர் சீட்டு எடுத்தே ஆகவேண்டும், 17 இல் நிற்கவேண்டும். நீங்களோ விரும்பியபடி எடுக்கலாம், நிற்கலாம், பந்தயத்தை இரட்டிக்கலாம், ஒரே மாதிரி இரண்டு சீட்டு வந்தால் பிரிக்கலாம். அப்படியெண்டால் கசினோ எங்கே உழைக்குது? முதலில் ஆடவேண்டியவர் நீங்கள். நீங்கள் 21 ஐத் தாண்டினால் உங்கள் காசு அந்த நிமிஷமே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினால்கூட அது திரும்பி வராது. மேசையின் முழு வருமானமும் இந்த முன்பின் ஒழுங்கில்தான் இருக்கிறது.

நாலு சிப்பாய்களும் கணக்கு யந்திரமும்

1950களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அபர்டீன் என்ற இடத்தில் ஓர் இராணுவப் பரிசோதனைத் தளம். அங்கே கடமையில் இருந்த நாலு பேர்: ரோஜர் போல்ட்வின், வில்பர்ட் கான்ரி, ஹேர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மக்டேர்மட். கணிதம் படித்த ஆட்கள். இரவில் படைமுகாமில் சீட்டாடிக் கொண்டிருக்கும்போது, டீலர் 16 இல் எடுத்தே ஆகவேண்டும், 17 இல் நின்றே ஆகவேண்டும் என்ற கசினோ விதி பேச்சில் வந்தது. போல்ட்வினுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எதிராளி என்ன செய்வார் என்பது முன்கூட்டியே முடிவான விளையாட்டு இது. அப்படியெண்டால் ஒவ்வொரு நிலைமைக்கும் சரியான ஆட்டம் ஒன்று இருந்தே ஆகவேண்டும். அதைக் கணக்கிடலாம்.

கொம்பியூட்டர் அவர்களிடம் இல்லை. மேசையில் வைத்துத் தட்டும் கணக்கு யந்திரங்களோடு ஏறத்தாழ ஒன்றரை வருஷம் வேலை செய்தார்கள். முடிவு 1956 செப்டெம்பரில் அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. இண்டைக்கு "அடிப்படை உத்தி" என்று சொல்லும் அட்டவணையின் மூலம் அதுதான்.

அந்த அட்டவணையில் சில விஷயங்கள் புத்திக்கு உடனே பிடிபடாது. உங்களிடம் 13, டீலரின் திறந்த சீட்டு 6. "13 காணாது, இன்னொண்டு எடு" எண்டு மனம் சொல்லும். கணக்கு நில் என்று சொல்கிறது. 6 திறந்திருக்கும்போது டீலர் 21 ஐத் தாண்டும் வாய்ப்பு 100 க்கு ஏறத்தாழ 42. அவர் விழட்டும், நீங்கள் விழவேண்டாம். அதே 13 க்கு எதிரே டீலரிடம் 10 இருந்தால் எடுக்கவேண்டும். இரண்டு எட்டு வந்தால் எப்போதும் பிரிக்கவேண்டும். 16 தான் உள்ளதிலேயே மோசமான கை. இரண்டு பத்து வந்தால் பிரிக்கவே கூடாது.

நினைத்தபடி ஆடுபவர் 100 ரூபாய்ப் பந்தயத்துக்குச் சராசரியாக 2 ரூபாயளவில் இழப்பார் என்று வையுங்கோ. அட்டவணைப்படி ஆடினால் இழப்பு 62 சதம் மட்டுமே என்று அந்த நாலு பேரும் கணித்தார்கள். அமெரிக்கக் கசினோக்களின் ரூலெற் சக்கரத்தில் அதே 100 க்கு 5 ரூபா 26 சதம் போகும். பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் இழப்பு இழப்புத்தான். மெதுவாகத் தோற்பது எப்படி என்றுதான் இதுவரை கண்டுபிடித்திருந்தார்கள்.

கட்டுக்கு ஞாபகம் உண்டு

அடுத்த படியை ஏறியவர் எட்வேர்ட் தோர்ப் என்ற கணிதவியலாளர். 1958 நத்தார் விடுமுறைக்கு மனைவியோடு லாஸ் வேகஸ் போனவர், அந்த ஆய்வின் அட்டவணையைச் சின்ன அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு 10 டொலரோடு உட்கார்ந்தார். 8.50 டொலரைத் தோற்றார். தோற்றபின் அவர் யோசித்தது பணத்தைப் பற்றி இல்லை. ஒரு பகடையை உருட்டினால், முன்பு என்ன விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. சீட்டுக்கட்டு அப்படியில்லை. நாலு ஏசும் விழுந்துவிட்டால், கட்டைத் திரும்பக் கலக்கும்வரை இனி ஏஸ் வராது. ஆகவே வாய்ப்பு ஒவ்வொரு கைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். சில நேரம் அது ஆடுபவர் பக்கமும் சாயும்.

304 ஆடும் எவருக்கும் இது விளங்கும். "ரெண்டு ஜாக் போட்டுது, இனிப் பயமில்லை" எண்டு நாங்கள் சொல்லுறதும் இதைத்தான். தோர்ப் செய்தது, அந்தச் சாயலை எண்ணாக மாற்றியது. எம்.ஐ.ரி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததும் அங்கிருந்த ஐபிஎம் 704 கொம்பியூட்டரில் கணக்கை ஓட்டினார். ஒரு கட்டிலிருந்து நாலு ஐந்தும் போய்விட்டால், ஆடுபவருக்கு 3 சதவீதத்துக்கு மேல் சாதகம் வருகிறது. பெரிய சீட்டுகள் கட்டில் மிஞ்சியிருந்தால் ஆடுபவருக்கு நல்லது: பிளாக்ஜாக் கூடுதலாக வரும், 16 வரை எடுத்தே ஆகவேண்டிய டீலர் கூடுதலாக விழுவார். சின்னச் சீட்டுகள் மிஞ்சியிருந்தால் டீலருக்கு நல்லது.

தகவல் கோட்பாட்டின் தந்தை என்று சொல்லப்படும் குளோட் ஷனன் பரிந்துரைக்க, 1961 இல் இந்த ஆய்வு அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் இதழில் வந்தது. அதே வருஷம் இரண்டு பணக்காரச் சூதாடிகள் கொடுத்த 10,000 டொலரோடு நெவாடா போய், அதை இரட்டிப்புக்கும் கொஞ்சம் மேலாக்கிக் காட்டினார் தோர்ப். 1962 இல் அவருடைய புத்தகம் வந்து பெரும் விற்பனையானது. 1966 இன் இரண்டாம் பதிப்பில், எவரும் பழகக்கூடிய சுலபமான எண்ணிக்கை முறை சேர்ந்தது: 2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்று கூட்டு, 10, ஜாக், குயீன், கிங், ஏஸ் விழுந்தால் ஒன்று கழி, 7, 8, 9 ஐ விடு. கூட்டல் ஏறினால் கட்டு உங்கள் பக்கம்.

எவ்வளவு பந்தயம் கட்டுவது என்பதும் அந்தக் கணக்கின் ஒரு பகுதி. பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஜோன் கெல்லி 1956 இல் இதற்கொரு சூத்திரம் எழுதியிருந்தார்: சாதகம் எவ்வளவோ அந்த அளவுக்கே கையிருப்பில் பங்கு வை, சாதகம் இல்லையெண்டால் வைக்காதே. இரணைமடுத் தண்ணியில் வயல் செய்யும் எங்களுக்கு இது அந்நியமான யோசனை இல்லை. சிறுபோகத்துக்கு முதல் குளத்தில் எவ்வளவு தண்ணி நிக்குது எண்டு பார்த்துத்தான் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் எண்டு முடிவெடுக்கினம். தண்ணி குறைந்த வருஷத்தில் முழுக் காணியையும் விதைக்கிறது துணிவு இல்லை.

மேசை திருப்பி அடித்தது

இதுவரை கதை ஆடுபவர் பக்கம். இனிமேல் நடந்ததைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை.

1964 ஏப்ரல் 1 ஆம் திகதி லாஸ் வேகஸ் கசினோக்கள் விதியை மாற்றின. ஏசைப் பிரிக்க முடியாது, பந்தயத்தை இரட்டிப்பதற்கும் கட்டுப்பாடு. ஆனால் கூட்டம் மேசைக்கு வராமல் விட்டதால் சில வாரங்களில் பழைய விதிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு அவர்கள் புத்திசாலித்தனமாக நடந்தார்கள். ஒரு கட்டுக்குப் பதிலாக நாலு, ஆறு, எட்டுக் கட்டுகளைச் சேர்த்தார்கள். கட்டு முடிய நன்றாக முன்னரே கலக்கினார்கள். எண்ணுபவர் என்று சந்தேகம் வந்தால் எழும்பிப் போகச் சொன்னார்கள். மனதுக்குள் எண்ணுவது குற்றமில்லை. ஆனால் நெவாடாவில் விருப்பமில்லாத ஆளை வெளியே அனுப்பும் உரிமை கசினோவுக்கு இருந்தது.

கென் அஸ்ரன் என்ற பேர்போன ஆட்டக்காரரை 1979 இல் அற்லாண்டிக் சிற்றியின் ரிசோர்ட்ஸ் கசினோ வெளியேற்றியது. அவர் வழக்குப் போட்டார். 1982 இல் நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: விளையாட்டு விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலத்தின் கசினோ ஆணைக்குழுவுக்கே உரியது, எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைக் கசினோ தானாகவே விலக்க முடியாது. பெரிய வெற்றிதான். ஆனால் வழக்கில் வென்றவர் கட்டில் வெல்லவில்லை. கட்டைக் கூட்டவும் அடிக்கடி கலக்கவும் வழி திறந்தே இருந்தது.

1980களிலும் 90களிலும் எம்.ஐ.ரி. மாணவர்களும் பழைய மாணவர்களும் குழுவாகச் சேர்ந்து ஆடிய கதையைப் பலரும் 2008 இல் வந்த '21' படத்தில் பார்த்திருப்பீங்கள். படம் பெரும்பாலும் கற்பனை சேர்த்தது, குழு உண்மை. ஒருவர் சின்னப் பந்தயத்தோடு இருந்து எண்ணுவார், கட்டு சூடானதும் சைகை காட்டுவார், பெரிய பந்தயக்காரர் வந்து உட்காருவார். ஆனால் அவர்களுக்குப் பின்னால் முதலீட்டாளர்களின் பெரும் பணம் இருந்தது. அது ஏன் தேவைப்பட்டது என்று பார்த்தால் முழுக்கதையும் விளங்கும்.

திறமாக எண்ணுபவருக்குக் கிடைக்கும் சாதகம் சராசரியாக 1 சதவீதமளவில். 100 கைக்கு ஒவ்வொரு பங்கு வைத்து ஆடினால் எதிர்பார்க்கும் இலாபம் 1 பங்கு. ஆனால் அதிர்ஷ்டம் மேலும் கீழும் ஆட்டும் அளவு 11 பங்குக்கு மேல். அதாவது பிழையே விடாமல் எண்ணியும், 100 கை முடிவில் நட்டத்தோடு எழும்பும் வாய்ப்பு 100 க்கு 46 அளவில் இருக்கிறது. 10,000 கை ஆடினால் எதிர்பார்க்கும் இலாபம் 100 பங்கு, ஆட்டம் 115 பங்கு. அப்போதும் ஐந்தில் ஒருவர் அளவில் நட்டத்தில் நிற்பார்கள். அதுவரை தாக்குப்பிடிக்கக் காசு வேண்டும். கடன் வாங்கி வந்தவனுக்கோ சம்பளக் காசோடு வந்தவனுக்கோ கணக்குச் சரியாக வருவதற்கு முதலே கை வெறுமையாகிவிடும். சாதகம் இருந்தாலும் அது பணமுள்ளவனுக்கே வேலை செய்யும்.

இண்டைக்குப் பல மேசைகளில் விழுந்த சீட்டை உடனுக்குடன் கலக்கும் யந்திரம் இருக்கிறது. அங்கே கட்டுக்கு ஞாபகமே இல்லை. எண்ணுவதால் பயனும் இல்லை. இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. பிளாக்ஜாக் வந்தால் 2 க்கு 3 கொடுத்த இடத்தில், பல மேசைகளில் 5 க்கு 6 தான் கொடுக்கிறார்கள். கேட்க அற்பமாக இருக்கும். கணக்குப் பாருங்கோ. கைக்கு 100 ரூபா, மணித்தியாலத்துக்கு 60 கை, 5 மணித்தியாலம். மொத்தப் பந்தயம் 30,000 ரூபா. நினைத்தபடி ஆடினால் 2 வீதத்தில் 600 ரூபா போகும். இண்டைய நல்ல மேசையில் அட்டவணைப்படி ஆடினால் அரை வீதத்தில் 150 ரூபா. 5 க்கு 6 மேசையில் அதே அட்டவணைப்படி ஆடினாலும் ஏறத்தாழ 1.4 வீதம் கூடி 570 ரூபா போய்விடும். நாலு பேர் ஒன்றரை வருஷம் இருந்து கண்டுபிடித்ததை, மேசைத் துணியில் அச்சிட்ட ஒரு வரி திருப்பி எடுத்துவிட்டது.

தோர்ப்பும் மேசையில் இருக்கவில்லை. தன் கணக்கைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார்.

"திறமை" என்ற சொல்

இதே கேள்வி தமிழ்நாட்டில் ரம்மி வடிவில் நீதிமன்றம் ஏறியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1967 இல், சத்தியநாராயணா என்பவருக்கு எதிராக ஆந்திரப் பிரதேச அரசு நடத்திய வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு என்று சொன்னது. காரணம், விழும் சீட்டுகளை ஞாபகம் வைக்கவேண்டும் என்பது. மூன்று சீட்டு விளையாட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றும் பிரித்தது. இணைய ரம்மி வந்த பிறகு நிறுவனங்கள் கேடயமாகப் பிடித்தது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு: காசு வைத்து ஆடும் ஆட்டத்தில் இடத்துச் சொந்தக்காரர் இலாபம் எடுத்தால் அது குற்றமாகலாம். திறமை பற்றிய வரி எல்லாருக்கும் தெரியும், மேசைக்காரர் பற்றிய வரியைக் கதைப்பவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் காசை விட்டவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்தன. 2021 இல் போட்ட தடையை அந்த வருஷமே மெட்ராஸ் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022 இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து இணையத்தில் ஆடும் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே மாதம் கொழும்பில் பிரமாண்டமான புதுக் கசினோ ஒன்று திறந்தது. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டமூலமும் எங்கட நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒரு கடல் நடுவில், இரண்டு வேறு பாதை.

இனி உங்கட கையிலுள்ள போனுக்கு வருவம். போனில் ஓடும் பிளாக்ஜாக்கில் கட்டு என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு கைக்கும் ஒரு நிரல் புதிதாக எண்களைக் கலக்குகிறது. தோர்ப்பின் கண்டுபிடிப்பு நின்ற ஒரே கால், கட்டின் ஞாபகம். அது அங்கே இல்லை. கிரிக்கெற் பந்தயமும் இப்படித்தான். சமபலமான இரண்டு அணி. எதில் 100 ரூபா வைத்து வென்றாலும் திரும்பி வருவது 190. இரண்டு பக்கமும் 100, 100 வைத்துப் பாருங்கோ: 200 கொடுத்து 190 வாங்குவீங்கள். 100 க்கு 5 ரூபா முதல் பந்து வீச முன்னமே போய்விட்டது. அணியைப் பற்றிய உங்கட அறிவு முதலில் அந்த 5 ஐ ஈடுகட்டவேண்டும். அப்படித் தொடர்ந்து ஈடுகட்டி வெல்பவரின் கணக்கைப் பந்தய நிறுவனம் குறைக்கலாம், மூடலாம். அஸ்ரனுக்காவது போய் நிற்க ஒரு நீதிமன்றம் இருந்தது. கடல் கடந்த எங்கோ ஒரு தீவில் பதிவான செயலிக்கு எதிராகக் கிளிநொச்சிப் பெடியன் எங்கே போய் நிற்பான்?

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு "சூது கெட்டது" எண்டு மட்டும் சொல்லிப் போக எங்களுக்கு விருப்பமில்லை. அதை நாட்டில் எல்லாரும் சொல்லிப் போட்டினம், ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்கப் பழகவேண்டிய கேள்விகள் இவை. விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம்? ஒவ்வொரு 100 ரூபாயிலும் மேசை எடுப்பது எவ்வளவு? முன்பு விழுந்தது பின்பு விழுவதை மாற்றுமா, அல்லது ஒவ்வொரு முறையும் புதிதா? நான் வென்றுகொண்டே இருந்தால் என்னை இருக்க விடுவார்களா? நாலுக்கும் நல்ல பதில் கிடைக்கும் இடத்தில் உத்தி வேலை செய்யும். 1961 இல் நெவாடாவில் ஒரு கட்டு மேசையில் முதல் மூன்றுக்குமே பதில் ஓரளவு நல்லதாக இருந்தது. நாலாவதுதான் தோர்ப்பையும் அஸ்ரனையும் எம்.ஐ.ரி. குழுவையும் வெளியே தள்ளியது.

கொட்டிலில் ஆடும் 304 க்கு இந்த நாலு கேள்வியையும் போட்டுப் பாருங்கோ. மேசைக்கென்று பங்கு இல்லை, விதி எல்லாருக்கும் ஒன்று, விழுந்த சீட்டு ஞாபகத்தில் இருக்கும், எவ்வளவு வென்றாலும் அடுத்த இரவும் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவினம். எண்ணப் பழக ஆசையுள்ளவர்கள் அங்கே பழகலாம்.